பந்துக்காரர் வூட்டுச் சம்பந்தம்

ஹலோ... ஆமாங்க, பானுமதி டைலர் தாங்க... சொல்லுங்க... ஜாக்கெட்டுங்களா?... லைனிங் வெச்சா, வெக்காமயா?... சரிங்க, சரிங்க... எந்த ஊருங்க நீங்க?... கடத்தூரா?

கடத்தூர்ல இருந்து மாரண்டஹள்ளிக்கு ஜாக்கெட்டு தெக்க வர்றீங்களா? பஸ்ஸு மாறி மாறி வரணுமேங்க. உங்க ஊரு டைலருங்கெல்லாம் எங்க போயிட்டாங்க?... ம்... ம்... ஆமாங்க, போர்டு வெளியதான் மாட்டியிருக்குது, நெம்பரோட... அத நீங்க எப்பப் பாத்தீங்க?

அக்கா, ஒரு நிமிசம். நீங்க ஜாக்கெட்டுக்குப் பேசல. பக்கத்து வூட்டு சோபனாவப் பத்தி வெசாரிக்கப் பேசறீங்க. ஆமாவா, இல்லியா?... அட, சொல்லுங்கக்கா, இதுல என்னா கூச்சம். பொண்ணு எடுக்கறவங்க அக்கம்பக்கத்துல நாலு வார்த்த கேக்காமயா எடுப்பாங்க... இல்லீங்க, நான் தப்பா நெனைக்கல. நீங்க கேக்கலைன்னாத்தான் நெனச்சிருப்பேன்.

ஆமா, ஞாயித்துக்கெழம வந்தீங்கல்ல, வெள்ளக் காரு, பின்னாடியே ஒரு வேனு... பாக்காமயா? எங்க சமயக்கட்டு ஜன்னலு அவங்க வாசலப் பாத்தாப்புலதான் இருக்குது. நானா எட்டிப் பாக்கறதில்லீங்க, தானா கண்ணுல படுது... மாம்பழக் கலரு பட்டு கட்டியிருந்தீங்க. மாப்பிள்ளைக்கு அம்மா. சரியா?... நிர்மலாவா... சரிங்க நிர்மலாக்கா. போண்டா எப்படி இருந்துச்சு?... இல்ல, நான்தான் சுட்டுக் குடுத்தேன், அதனால கேட்டேன்... எண்ணெ குடிச்சிருந்துச்சா?... அது வந்து, சோபனா மாவத் தண்ணியா கரச்சிட்டா... ஐயோ, இல்லீங்க, இல்லீங்க, அவளுக்கு நல்லா சமைக்கத் தெரியும்! நான்தான் கரச்சேன். நான்தான்னு வெச்சிக்குங்க. அத வுடுங்க. என்னா வேணும், கேளுங்க.

பொண்ணு தங்கம்க்கா. பாலக்கோட்டுல மருந்துக் கடைக்குப் போறா. காலைல போனா பொழுதெறங்கி வருவா. வந்தா கூட்டறா, கழுவறா, துணிய மடிக்கறா. ஒரு சத்தம் வராது... இல்லீங்க, வாயில்லாத பொண்ணு இல்ல. அவங்கம்மா தீர்த்தம்மா போன தையில செத்துட்டாங்கல்ல... ஆமா, அதுல இருந்துதான். இப்ப எதக் கேட்டாலும் 'சரி'. சாப்டியா, சரி. மழ வருது, சரி. முன்ன ரெண்டு எடம் வந்து பாத்துட்டு வாணாம்னு போனாங்க, அதுக்கும் 'சரி'ன்னுட்டுப் பாத்தரம் கழுவப் போயிட்டா. அழுதாலாச்சும் நாம போயி ரெண்டு ஆறுதல் சொல்லலாம். நானும் சொல்றதுக்குன்னு ரெடியாதான் போனேன். எங்க?

ஏன் போனாங்களா?... எதுக்குங்க அதெல்லாம்... நீங்களே சொல்லுங்க, ஏன் போயிருப்பாங்க?... ஆமா. அதேதான். அவங்கப்பா சென்றாயண்ணன் வாயி.

என்னென்ன சொன்னாரு உங்ககிட்ட?... மொதல்ல இருந்து சொல்லுங்க... ம்... 'என்ன மூணு வாட்டி தொரத்தி வுட்டாங்க'ன்னாரா... நீங்க என்னா நெனச்சீங்க?... பஸ் வேலைல இருந்தா? ஐயோ, சிரிக்கக் கூடாது... இல்லீங்கக்கா, கண்டக்டர் வேலைல அவரு மேல ஒரு பிராது கெடையாது. சுத்தமா ரிட்டேர்டு ஆனாரு, மால போட்டு கூட்டியாந்து வுட்டாங்க. நான்தான் ஆரத்தி கரச்சேன். தொரத்துனது பந்தாட்ட டீம்ல இருந்து! வேற ஆளில்லாம அவங்களே திரும்பக் கூப்புட்டுக்குவாங்க.

பந்தாட்டம்க்கா... கிரிக்கெட்டு இல்ல... கபடியும் இல்ல... பேஸ்பாலு... பேஸ்... பாலு. எனக்கும் அவரு சொல்லித்தான் தெரியும். நடுவுல ஒரு சின்ன மேடு. அதுல ஒருத்தரு நின்னுக்கிட்டு பந்த வீசி எறிவாரு. எதுத்தாப்புல ஒருத்தன் உருட்டுக்கட்ட மாதிரி ஒண்ண வெச்சிக்கிட்டு நிப்பான். அவன அடிக்க வுடாம எறியணும். எறியறவருதான் நம்ம சென்றாயண்ணன்... ஆமா, அடிக்க வுடக் கூடாது... இல்லீங்க, எல்லாரும் அடிச்சாங்க.

அந்தக் காலத்துல தர்மபுரில ஒரு பீ.டீ. மாஸ்டரு எங்கயோ போயி இந்த ஆட்டத்தப் பாத்துட்டு வந்து, பசங்களப் புடிச்சு டீமு கட்டியிருக்காரு. வேற எவனுக்கும் தெரியாத ஆட்டம், அதனால நேரா மாநிலத்துக்கே போயிடலாம்னு கணக்கு. போயிட்டாங்க. அண்ணனே சொல்லுவாரு, 'ஜில்லாவுலயே மொத எறிகாரன் நான்தான், கடைசி எறிகாரனும் நான்தான், ஏன்னா இருந்ததே ஒருத்தன்'னு... ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும், மொத வாட்டி கேட்டா. நான் முப்பது வருசமா செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேக்கறேன். எனக்கு சிரிப்பும் வர்றதில்ல, கோவமும் வர்றதில்ல. மோட்டர் சத்தம் மாதிரி ஆயிடுச்சு.

ம்... ம்... 'ஒரு ஆள ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன்'னு சொன்னாரா... கேஸா? கேஸெல்லாம் இல்லீங்க, சாமி சத்தியமா! அது அம்பயருக்கா... நடுவரு. பந்து புடிக்கறவனுக்குப் பின்னாடி நின்னிருக்காரு பாவம். இவரு எறிஞ்சது எல்லாரையும் தாண்டிப் போயி அவரு மொழங்கால்ல பட்டு, தூக்கிட்டுப் போயிட்டாங்க. 'நான் வெளிய அனுப்புன ஒரே ஆளு அம்பயருதான்'னு சொல்லிச் சொல்லி சிரிப்பாரு... இல்லீங்க, அந்த ஆளு நல்லாத்தான் இருக்காராம்... எனக்கு எப்படித் தெரியுமா? அண்ணனக் கேட்டேன். நான் எதையும் அரகொறயா வுட மாட்டேங்க.

கையா?... 'கை செத்துப் போச்சு'ன்னாரா... இல்ல, இல்ல, இல்ல, வாதமெல்லாம் இல்ல! வம்சத்துலயே யாருக்கும் கெடையாது. எறிஞ்சு எறிஞ்சு தோள்பட்ட கெட்டுப் போச்சு, அவ்ளோதான். வலது கை தோளுக்கு மேல போவாது. தல வாருறது எடது கைல. பஸ்ஸுல வெசில ஊதறதும் டிக்கெட்டு கிழிக்கறதும் தோளுக்குக் கீழ நடக்கற வேலதான, அதனால பொழச்சாரு. 'என் கையி என்ன வுட முன்னாடியே ரிட்டேர்டு ஆயிடுச்சு'ம்பாரு... அதாங்க, அத நீங்க அப்படியே எடுத்துக்கக் கூடாது. அவரு தன்ன ஒண்ணு கம்மியா சொன்னாருன்னா நாம ஒண்ணு கூட்டிக்கணும்.

அப்பறம்?... சொல்லுங்க... ஏன் கொரல எறக்கறீங்க, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?... ம்... ம்... 'ஓசூர்ல ஒரு குடும்பம், சேலத்துல ஒரு குடும்பம், என் கையாலதான் வாழுது'ன்னாரா... சின்ன வூடா!

இருங்கக்கா. இருங்க. எனக்குப் பொரையேறுது... தண்ணி குடிச்சிக்கறேன்... ம். அந்த மனுசனுக்கா? அக்கா, தீர்த்தம்மா இருந்த வரைக்கும் வெளிய போனா சட்டகூட அவங்கதான் மாட்டி வுட்டாங்க. கை மேல போவாதில்ல. அவரு எங்க போயி சின்ன வூடு வெக்கறது... நெசமாங்க. இருந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?

அது என்னான்னா, இவரு எறிஞ்ச பந்த அடிச்சானுங்க பாருங்க, எதிர் டீமு பசங்க. நல்லா அடிச்சதால அவனுங்களுக்கு சர்டிபிகேட்டு குடுத்தாங்க. அத வெச்சு ஒருத்தன் போலீசு, ஒருத்தன் ரயில்வேன்னு போயி ஒக்காந்துட்டானுங்க. 'அவங்க வூட்டுல அடுப்பு எரியறதே நான் எறிஞ்ச பந்துலதான்'ங்கறது இவரு கணக்கு. 'நான் எறிகாரன் இல்ல, வேலவாய்ப்பு ஆபீசு'ம்பாரு... நெசமா அடிச்சாங்களாவா? நெசமாத்தான். அதுல மட்டும் பொய் இல்லீங்க. இவரு உண்மையிலயே மோசமாத்தான் எறிஞ்சிருக்காரு. எங்க வூட்டுக்காரரு பாத்திருக்காரு. சில பேரு நல்லா ஆடிட்டு அடக்கத்துக்கு அப்படி சொல்லுவாங்க இல்ல, இவரு அப்படி இல்ல. மோசமா ஆடிட்டு, மோசம்னே சொல்றாரு. அத சொல்ற வெதத்துல ஒரு ரெண்டு பேரு சிரிச்சா அவருக்குப் போதும், அன்னிக்கு சோறு எறங்கிடும்.

ஆமாங்க... ஆமாங்க... புரியுது. பொண்ணு பாக்க வந்த எடத்துல எதுக்கு அதெல்லாம்னுதான நானும் கேக்கறேன். நானே முந்தின நாளு சொன்னேங்க, 'அண்ணா, ஒக்காந்து காபிய மட்டும் குடிங்க'ன்னு. தலைய ஆட்டுனாரு. நீங்க செருப்பக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரே... இங்கயே கேட்டுச்சு.

ம்?... தீர்த்தம்மா சாவுலயா?... அது யாரு சொன்னாங்க உங்களுக்கு?... உங்கண்ணனா... மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்... அவருக்கு யாரு சொன்னது?... பஸ் ஸ்டேண்டுல பேசிக்கறாங்களா. இன்னமுமா பேசறாங்க.

இல்ல, இருக்கேன்... லைன்ல இருக்கேன்க்கா... குக்கரு... இல்ல, குக்கரு இல்ல. சும்மாதான் இருந்தேன்.

சொல்றேன். நான் நேர்ல பாக்கல. பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்லையே. எங்க வூட்டுக்காரரு குரு போயிருந்தாரு, அவரு சொன்னதச் சொல்றேன். தீர்த்தம்மாவக் குழில எறக்கிட்டாங்க. புருசன் மூணு கை மண்ணு போடணுமில்ல. சோத்துக் கையாலதான் போடணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. எடது கை வாணாம்ன்னுட்டாங்க. இவரு கையி தூக்க வரல. மண்ண எடுத்து வீசுனாரு, குழிக்கு இந்தப் பக்கமே விழுந்துச்சு. மறுக்கா எடுத்தாரு, அந்தப் பக்கம் போச்சு. மூணாவதும் வெளியதான். ஒரு கை மண்ணுகூட அவங்க மேல விழல... ஆமா. எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கறாங்க. அப்ப இவரு சொன்னாராம், 'பாருங்க, இன்னிக்கும் ஒண்ணுகூட நேராப் போவல'ன்னு. சொல்லிட்டு சிரிச்சாராம்.

ஆமா. சிரிச்சாரு... யாரும் சிரிக்கல... நீங்க கேட்டது அந்த வரைக்கும் சரிதான்.

குடிச்சாரான்னா... இல்ல. குடிக்கற பழக்கம் இல்ல... பைத்தியமும் இல்ல... என்னன்னு நான் சொல்றதுங்க? வேற சொல்லத் தெரியல அந்த மனுசனுக்கு. நம்மூர்ல ஆம்பளைங்க அழுதா துண்ட வாயில வெச்சு அழுவாங்க. இவருக்கு அது வரல, இது வந்துச்சு. அன்னிக்கு சாயந்தரம் இந்த ஜன்னல்லதான் நின்னிருந்தேன். திரும்பி வந்து பம்புசெட்டுல குளிச்சிட்டு, ஈர வேட்டியோட வாசப்படில ஒக்காந்தாரு. சட்டைய மடில வெச்சிருந்தாரு. போட்டுக்கல. மாட்டி வுட ஆளில்லன்னு நான் நெனச்சேன். இருட்டற வரைக்கும் அப்படியே ஒக்காந்திருந்தாரு. நான் போவலீங்க. எனக்கு ஒண்ணுமே தோணல அப்ப. அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சிருக்குது, அதுகூடத் தெரியல.

சோபனாவா?... அவளுக்குத் தெரு சொல்லிடுச்சு. அன்னிக்கே சொல்லிட்டாங்க. 'உங்கப்பன் குழிமேட்டுல சிரிச்சான்'னு... நான் சொல்லலீங்க! எனக்கு முன்னாடி நாலு பேரு சொல்லியாச்சு. அவ அதுக்கும் 'சரி'ன்னுட்டா. அதுக்கப்பறம் அப்பன் ஏதாச்சும் பேசுனா அவ எழுந்து உள்ள போறதும் இல்ல, சிரிக்கறதும் இல்ல. தட்டப் பாத்துக்கிட்டு சாப்புடுவா. அவரும் சொல்றத நிறுத்தறதில்ல. சொல்லிட்டு அவ மூஞ்சியப் பாப்பாரு. திரும்ப ஒண்ணு சொல்லுவாரு. டீவி ஓடும், சத்தம் இருக்காது. அந்த வூடே மரத்துப் போயிக் கெடக்குதுக்கா.

ம்... ம்... சொல்லுங்க... ம்... நெசமாவா? சம்மதமா?... பையனுக்குப் புடிச்சிருக்குதா!... வேற பொண்ணே பாக்க வாணாம்ன்னுட்டாரா சிலம்பரசன்... நல்லதுங்க, நல்லதுங்கக்கா, வாயில சக்கரயப் போடணும். இத மொதல்ல சொல்லியிருந்தா நான் இவ்ளோ... சரி வுடுங்க, சொன்னது சொன்னதுதான்.

ஆனா?... சொல்லுங்க... உங்கண்ணன் சொல்றாரு... ம்... நிச்சயத்துல... ம்... அவரு ஒரு வார்த்த பேசக் கூடாது... தட்டு மாத்தறது, வெத்தல பாக்கு குடுக்கறது, அவ்ளோதான்... பந்து கிந்துன்னு ஒரு பேச்சு வரக் கூடாது... வந்தா உங்கண்ணன் தட்ட அப்படியே வெச்சிட்டு எழுந்துடுவாரா. ம். மொரட்டு ஆளுதான் போல.

நானா சொல்றது?... அது நீங்களே ஒரு வார்த்த அவருகிட்ட... ஆமா, சம்பந்தி வாயால சொன்னா நல்லா இருக்காதுதான்... இல்ல, நான் சொல்ல மாட்டேன்னு சொல்லல... இப்பவேவா? சாயந்தரத்துக்குள்ள உங்கண்ணனுக்கு பதிலு சொல்லணுமா... இருக்காரு, இருக்காரு. கொல்லையில ஒக்காந்து தொவரக்கா உரிச்சிட்டு இருக்காரு, இங்கிருந்தே தெரியுது. சோபனா வேலைக்குப் போயிட்டா. சரி. செவுத்துக்கிட்டப் போறேன். லைன்லயே இருங்க, வெக்காதீங்க.

அண்ணா!... சென்றாயண்ணா!... இங்க, இங்க, செவுத்துக்கு இந்தப் பக்கம்... போன் பேசிட்டு இருக்கறேன்ணா... ஆமா, ஜாக்கெட்டுக்குத்தான் பேசுனாங்க மொதல்ல... 

அக்கா, கேட்டுச்சா? 'என் அளவு எடுக்கணுமா, வலது கைய மட்டும் வுட்டுட்டுத் தெய்யி, அது வேலைக்கு ஆவாது'ங்கறாரு. இதாங்க. இப்படித்தான்.

அண்ணா, வெளையாடாதீங்க. கடத்தூர்க்காரங்க லைன்ல இருக்காங்க. மாப்பிள்ளையோட அம்மா... ஆமா... ஒக்காருங்க, ஒக்காருங்க, தொவரக்கா கொட்டுது பாருங்க... அவங்களுக்கு சம்மதமாம்ணா. பையன் வேற பொண்ணே வாணாம்ன்னுட்டாராம்.

அக்கா, 'மொத வாட்டியா நான் எறிஞ்சத ஒருத்தன் புடிச்சிட்டான்'ங்கறாரு... ம்... ஆமா, சந்தோசத்துல சொல்றாரு. மூஞ்சியெல்லாம் பல்லா இருக்குது.

அண்ணா... இன்னும் முடியல. ஒரு விசயம் இருக்குது. எப்படிச் சொல்றதுன்னு... இல்லண்ணா, சீரு செனத்தி எல்லாம் இல்ல. அவங்க எதுவும் கேக்கல. நீங்கதான்... நீங்க கொஞ்சம்... நிச்சயத்துல நீங்க பேசாம இருக்கணுமாம்... பேசாமன்னா, பேசாம... இந்த ஆட்டக் கதையெல்லாம்... ஆமா... மாப்பிள்ளையோட தாய்மாமன் கொஞ்சம் ஒரு மாதிரியாம்... யாரோ சொல்லியிருக்காங்கண்ணா, மண்ணு போட்டப்ப நடந்தத... நான் இல்லண்ணா, நான் இல்ல, பஸ் ஸ்டேண்டுல.

அக்கா, சொல்லிட்டேன். பாத்துட்டு நிக்கறாரு... ம்?... நிச்சயத்துல மட்டுந்தான?... கல்யாணத்துலயுமா?... அதுக்கப்பறமுமா? பொண்ணப் பாக்க உங்க வூட்டுக்கு வந்தாலுமா?... அக்கா, அது ரொம்ப... பெத்தவரு பொண்ணப் பாக்க வந்து வாயே தொறக்காம எப்படிங்க... உங்கண்ணன் பக்கத்துல இருக்காரா? அவரா சொல்றாரு?... ம்... சொல்றேன். நானே சொல்றேன்.

அண்ணா... கல்யாணத்துலயும் தானாம்... அவங்க வூட்டுக்குப் போனாலும் தானாம். நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, அந்த அளவுக்கு... நான் என்னா பண்றதுண்ணா. நான் போன்ல இருக்கறவ.

இங்க பாருங்கண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. போன ரெண்டு வாட்டி வந்தப்ப சோபனா பழைய ஜாக்கெட்டத்தான் போட்டுக்கிட்டு நின்னா. நான் கேட்டதுக்கு, இது போதும்ன்னா. இந்த வாட்டி, இவங்க வரப்போறாங்கன்னு தெரிஞ்சதும், அவளே துணி எடுத்துட்டு வந்து எங்கிட்ட குடுத்தாண்ணா. கழுத்து பின்னாடி கொஞ்சம் எறக்கி வெய்யிக்கான்னா. கைக்கு பார்டரு வெச்சுக் கேட்டா. அந்தப் பையன் போட்டோவ மொதல்லயே பாத்திருக்கா போல... நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன். ஒரு வருசமா அந்தப் பொண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதாண்ணா.

அக்கா, லைன்ல இருக்கீங்களா... இருங்க... யோசிக்கறாரு. கீழ குனிஞ்சு தொவரக்காயப் பொறுக்கறாரு... பேசுவாரு, இருங்க.

என்னாண்ணா?... சரியா?... 'சரி'ங்கறீங்களா?

அக்கா, 'சரி'ன்னுட்டாரு... ஆமா. சரின்னு சொன்னாரு... இல்ல, வேற ஒண்ணும் சொல்லல. இருங்க, சொல்லுவாரு. எப்பவும் பின்னாடியே ஒண்ணு சொல்லுவாரு... இருங்கக்கா, வெக்காதீங்க... இப்ப சொல்லுவாரு பாருங்க.

ம்?... சொல்லுங்கண்ணா... சோபனாகிட்டயா?... சொல்ல மாட்டேண்ணா... நான் போயி சொல்லுவேனா... இல்லண்ணா, தெருவுலயும் சொல்ல மாட்டேன். சத்தியமா... அவகிட்ட நீங்களா பேச்சக் கொறச்சிக்கிட்டதா இருக்கட்டும். சரி.

இல்லீங்கக்கா, உங்ககிட்ட இல்ல, அவருகிட்ட சொன்னேன்... ம்... அவ்ளோதான் போல. முறத்த எடுத்துக்கிட்டாரு. உள்ள போறாரு... இல்லீங்க, சிரிக்கல. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

ஆமாங்க... ஆமாங்க, கண்டிப்பா இருப்பாரு. அவரு சொன்னா சொன்னதுதான்... உங்கண்ணன்கிட்ட தகிரியமா சொல்லுங்க... வர்ற புதன்கெழமையா? நல்ல நாளு பாத்தாச்சா?... சரிங்க... பத்துப் பதினஞ்சு பேரு வருவீங்க... சரிங்க... போண்டாவா?... வாணாமா... கேசரி மட்டும்... சரிங்கக்கா... எனக்கா? எனக்கு சந்தோசந்தான். ஏன் கேக்கறீங்க?... கொரலு ஒண்ணும் ஆவலீங்க. ஒரே எடத்துல நின்னுட்டு இருக்கேன், வெயிலு, அவ்ளோதான்.

ஆமாங்க, அமைதியான குடும்பந்தான். எழுதி வெச்சிக்குங்க. இனிமே சத்தமே வராது... சரிங்க... வெக்கறீங்களா... ஹலோ... ஹலோ?

வெச்சிட்டாங்க.

அண்ணா... சென்றாயண்ணா... அவங்க வெச்சிட்டாங்கண்ணா, லைன்ல யாரும் இல்ல... உள்ள என்னா பண்றீங்க?... ஏதாச்சும் சொல்லுங்கண்ணா.